ஜென் கார்: ஐடிலில் சூடு ஏறுவதில்லை, சர்க்யூட்டில் விரட்டினால் கொதிக்கிறது. உதவி தேவை

கிருஷ்ணகிரி_993:

வணக்கம். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய மாருதி ஜென்னை நீண்ட நேரப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். கார்புரேட்டர் வண்டி, 993 சிசி. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் உரமூட்டை சுமந்துகொண்டிருந்த வண்டி. எடைக்குப் போட இருந்தவரிடம் பேசி வாங்கினோம்.

அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ பந்தயம் பலருக்கும் தெரிந்திருக்கும். 500 டாலருக்குள் ஒரு டப்பா வண்டி வாங்கி, மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பாதுகாப்புச் சாமான்களின் விலை அந்தக் கணக்கில் வராது. எங்கள் யோசனையும் அதுதான். இங்கேயும் வண்டியைவிட ரோல் கேஜுக்கும் (கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புக் கூண்டு) சீட்டுக்கும் பெல்ட்டுக்கும்தான் அதிகம் செலவாகியிருக்கிறது.

இன்ஜினை முழுக்கப் பிரித்து ரிங், பேரிங், வால்வு சீல் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஹெட் பேஸிங் செய்து புது கேஸ்கெட் போட்டிருக்கிறோம். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய சமம்.

பிரச்சினை இதுதான். இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டில் பயிற்சிக்குப் போனோம். ஆரம்பத்தில் அருமையாக ஓடியது. கொஞ்ச நேரத்தில், நேர் பாதையில் 5500 ஆர்பிஎம்-ஐத் தாண்டிப் பிடித்தாலே டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. காலை எடுத்து மெதுவாக ஓட்டினால் இறங்குகிறது. பிட்டில் (சர்க்யூட் ஓரம் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) ஐடிலில், அதாவது நின்றபடி இன்ஜினை ஓடவிட்டால், பேன் ஓடி, முள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. நடுவே ரிசர்வ் டப்பா பொங்கி வழிகிறது. ஓசூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றி எறியச் சொல்கிறார். இன்னொருவர் பெரிய வண்டி ரேடியேட்டரைப் போடச் சொல்கிறார். பெங்களூர் நண்பர்களோடு சேர்ந்து மூன்று மணி நேர ஓட்டம் வைத்திருக்கிறோம். எதில் கை வைக்கலாம்?

சேலம்_ரோடு:

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள் ப்ரோ, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு? எடுத்துவிட்டு தொப்பூர் கணவாயில் ஒரு ஏற்றம் அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தர்மபுரி_டிரெய்லர்:

தம்பி, தொப்பூரில் சோதனை ஓட்டமெல்லாம் வேண்டாம். அந்த இறக்கத்தில் பிரேக் விட்ட லாரிகள் முன்னால் போகிற வண்டிகளை வாரிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். நீ ஏற்றத்தில் கொதித்து நின்றால், உன் பின்னால் வருகிற முப்பது டன் வண்டிக்காரன் என்ன செய்வான்? கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் விரட்டவே கூடாது. லாரியில் ஏற்றி சர்க்யூட்டுக்குக் கொண்டு போ.

பழையபேட்டை_லேத்:

அண்ணன் சொன்னதுதான் சரி. இப்போது வண்டி விஷயத்துக்கு வருவோம்.

சாமான் வாங்குவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள். நின்றாலோ டிராபிக்கில் ஊர்ந்தாலோ சூடாகி, ஓடும்போது ஆறினால் பேன், ரிலே, சுவிட்ச் பக்கம் போக வேண்டும். உங்களுக்கு நேர் எதிராக இருக்கிறது. நின்றால் ஆறுகிறது, விரட்டினால் ஏறுகிறது. அப்படியென்றால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை, இல்லை ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்திருக்கிறது, இல்லை எரிந்த வாயு தண்ணீருக்குள் இறங்குகிறது. பேன் ஓடுகிறதா என்று இனி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டை எறியாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து அதைத் தொங்கவிடுங்கள். மேலே பொறித்திருக்கும் அளவுக்கு வந்ததும் திறக்க ஆரம்பித்து, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட்டால் அதன்மேல் குற்றமில்லை.

அடுத்து ரேடியேட்டர் கேப். இது பத்துப் பேரில் ஒன்பது பேர் பார்க்காத சாமான். 0.9 என்று போட்டிருந்தால் அந்த அழுத்தம் வரை பிடிக்க வேண்டும். பிடித்தால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நூற்றுச் சொச்சத்திலேயே பொங்கி ரிசர்வ் டப்பாவுக்கு ஓடிவிடும். டெஸ்டர் வைத்திருக்கும் ரேடியேட்டர் கடையில் ஒரு நிமிட வேலை.

அதோடு பேன் பெல்ட் டைட். ஜென்னில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஐடிலில் பிடித்துக்கொண்டு ஐயாயிரத்தில் வழுக்கும் பெல்ட் ஊரில் நிறைய உண்டு.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ஓசூரில் ஏன் சூடாகவில்லை என்பதற்கு ஒரு வார்த்தை. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், காற்றே குளிர்ச்சி. இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய கடல்மட்டம். ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று பத்து டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் அந்த வித்தியாசமும் அந்த அளவு குறையும். போதாததற்கு ரோட்டில் நீங்கள் மூவாயிரத்தில்தான் போயிருப்பீர்கள். பாதி அடைத்த ரேடியேட்டர்கூட அதற்குத் தாங்கும்.

இன்னொன்று, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? காற்று சுலபமான வழியில்தான் போகும். ஓரத்தில் சந்து இருந்தால் கோருக்குள் (ரேடியேட்டரின் குழாய்ப் பகுதி) நுழையாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அலுமினியத் தகடும் பஞ்சும் வைத்து நாலு பக்கமும் அடையுங்கள். பெரிய ரேடியேட்டர் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

காவேரிப்பட்டணம்_மாமா:

தோப்பு வண்டி என்றீர்களே, அந்தத் தோப்பில் ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டீர்களா? போர் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் சோறு வடித்தால் பாத்திரத்தில் வெள்ளை படியும். ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் படிந்திருக்கும்.

சேலம்_ரோடு:

நம்ம மாவட்டத் தண்ணீரில் புளோரைடு அதிகம் மாமா, அதுதான் காரணமோ?

பழையபேட்டை_லேத்:

புளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும்தான் வினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ரேடியேட்டரை அடைப்பது கால்சியமும் மக்னீசியமும். இரண்டும் ஒரே போரில் இருக்கலாம், வேலை வேறு வேறு.

கிருஷ்ணகிரி_993:

மாமா சொன்னது சரியாக இருக்கும் போல. தோப்பில் டிராக்டருக்கு ஊற்றுவதைத்தான் இதற்கும் ஊற்றினார்களாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

எரிந்த வாயு தண்ணீருக்குள் இறங்கலாம் என்றீர்களே, அதனால் ஹெட் கேஸ்கெட்டும் சந்தேகமாக இருக்கிறது. புதிதாகப் போட்டது என்பதால் அதை மறுபடி பிரிக்க மனசு வரவில்லை.

ஓசூர்_நைட்ஷிப்ட்:

பிரிக்க வேண்டாம். காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் பிடியுங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால் சிலிண்டர் வாயு உள்ளே இறங்குகிறது. உறுதி செய்ய நீல நிற டெஸ்ட் திரவம் கிடைக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை அதற்குள் உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் மஞ்சளாக மாறும்.

அப்படியே பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி அப்படியே இன்ஜினை ஆப் செய்து கழற்ற வேண்டும். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அதுவும் சூட்டைக் கூட்டும்.

ஒகேனக்கல் தண்ணீர் போரைவிட மென்மையானதுதான். இருந்தாலும் பங்கில் பேட்டரி தண்ணீர் கேன் வாங்கி ஊற்றுவதே நல்லது.

பழையபேட்டை_லேத்:

கீழ் ஹோஸை விட்டுவிட்டேனே. இதுதான் முக்கியம். பம்ப் ரேடியேட்டரின் அடியிலிருந்துதான் தண்ணீரை இழுக்கிறது. கோர் அடைத்திருந்தால், பம்ப் கேட்கிற அளவு தண்ணீர் வராது. கீழ் ஹோஸில் உறிஞ்சல் உண்டாகும். கெட்டியான ஜூஸை ஸ்ட்ராவில் உறிஞ்சினால் ஸ்ட்ரா சப்பிக்கொள்ளும் இல்லையா, அந்தக் கதைதான். ஹோஸ் மெலிதாக இருந்தாலோ உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லாவிட்டாலோ அது நடுவில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சுற்றோட்டமே நின்றமாதிரிதான். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும், ஹோஸ் பழையபடி விரிந்துவிடும். அதனால்தான் பிட்டுக்கு வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும்.

கேப் அழுத்தம் பிடிக்காவிட்டால் இது இன்னும் மோசமாகும். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் ஹோஸ் விறைப்பாக நிற்கும்.

வண்டியை நிறுத்தி வைத்து, நன்றாகச் சூடானதும் ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் டார்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பாருங்கள். நாலாயிரத்துக்கு மேல் போகட்டும். சட்டை நுனியும் கையும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது கேப்பைத் திறக்கவே வேண்டாம்.

கிருஷ்ணகிரி_993:

அண்ணா, அதேதான்!

ஐடிலில் ஹோஸ் உருண்டையாக இருந்தது. ஆர்பிஎம் ஏற ஏற வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. 4500 தாண்டியதும் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, விரல் அகலத்துக்குத் தட்டை. காலை எடுத்ததும் ‘பொக்’ என்று விரிந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் இல்லை. யாரோ எப்போதோ அளவுக்கு வெட்டி மாட்டிய சாதா ஹோஸ்.

கேப்பை டெஸ்டரில் போட்டுப் பார்த்தோம். 0.9 பொறித்திருந்த கேப் பாதி அழுத்தத்திலேயே விட்டுவிட்டது.

எங்களிடம் இருந்தது பித்தளை கோர். சூட்டை அளக்கும் துப்பாக்கியை ஓட்டிப் பார்த்தபோது ஒரு மூலை மட்டும் குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் தண்ணீரே ஓடவில்லை. ரேடியேட்டர் டேங்கின் பற்றவைப்பை உருக்கிப் பிரித்ததும் ரேடியேட்டர் கடைக்காரர் சிரித்தார். குழாய் வாய்களில் வெள்ளையாகப் படிந்து, சிலவற்றில் ஊசி நுழையக்கூட இடமில்லை. கம்பி விட்டுச் சுத்தம் செய்து, டேங்கை மறுபடி பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்து லீக் பார்த்துக் கொடுத்தார். இன்ஜின் பிளாக்கையும் இரண்டு பக்கமும் ஹோஸ் வைத்து அலசினோம். துருவும் மண்ணுமாக வந்தது.

மேல் ஹோஸ் சோதனையில் விறைக்கவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது. கேஸ்கெட் தப்பித்தது. தெர்மோஸ்டாட்டும் சரி.

ஒரு சந்தேகம். பேட்டரி தண்ணீரோடு கூலன்ட் கலக்கலாமா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:

ரோட்டு வண்டி என்றால் கட்டாயம் கலக்க வேண்டும். துருப் பிடிக்காமல் காப்பது அதுதான், உங்கள் ஹெட் அலுமினியம் வேறு. பந்தயத்தில் கதை வேறு. பல சர்க்யூட் பந்தயங்களில் கிளைகால் என்ற ரசாயனம் கலந்த வழக்கமான கூலன்டுக்கு அனுமதி இல்லை. தரையில் கொட்டினால் வழுக்கும், சுலபத்தில் காயாது, பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சுழன்று வெளியே போவார்கள். தவிர, சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. நடத்துகிறவர்களிடம் விதியைக் கேட்டுவிட்டு, துரு தடுக்கும் மருந்து மட்டும் கலந்த தண்ணீரோடு ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றிவிடுங்கள்.

தர்மபுரி_டிரெய்லர்:

ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லி வை தம்பி. மூன்று மணி நேரம் ஓட வேண்டிய வண்டி அது. ஒவ்வொரு கியரையும் கடைசி வரை இழுக்க வேண்டாம். ஐயாயிரத்தில் மாற்று, வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலை எடு. சுற்றுக்கு ஓரிரு வினாடிதான் போகும். பிட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால் எத்தனை சுற்று போகும் என்று கணக்குப் போட்டுப் பார்.

கிருஷ்ணகிரி_993:

மறுபடியும் இருங்காட்டுக்கோட்டை போய்வந்தோம். ஸ்பிரிங் வைத்த ஹோஸ், புது கேப், கழுவிய கோர், கிரில்லைச் சுற்றித் தகடு. மத்தியான வெயிலில் ஆள் மாற்றி மாற்றி விடாமல் ஓட்டினோம். முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. பெரிய ரேடியேட்டர் காசு மிச்சம்.

வண்டி நிற்காமல் ஓட ஆரம்பித்ததால் அடுத்த கோளாறு வெளியே வந்திருக்கிறது. கடைசிப் பகுதியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது. பிட்டுக்கு வந்து ஆறிய பிறகு சரியாகிவிடுகிறது. லீக் எங்கும் இல்லை.

பழையபேட்டை_லேத்:

பிரேக் ஆயில் கொதிக்கிறது. பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினாலும் 155. சீல் உடைக்காத டாட் 4 வாங்கி, பழையதை முழுக்க வெளியேற்றி, நான்கு வீலிலும் பிளீட் செய்யுங்கள், அதாவது லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பாதி காலியான பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

அதற்குப் பிறகும் பெடல் கெட்டியாக இருந்துகொண்டே வண்டி நிற்கவில்லை என்றால் அது ஆயில் இல்லை, பேட் சூடாகிப் பிடி விடுகிறது. அப்போது முன் டிஸ்குக்குக் காற்றுக் குழாய் விட வேண்டும். பம்பரின் பாக் லேம்ப் ஓட்டையிலிருந்து இழுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள், பிராக்கெட் நான் அடித்துத் தருகிறேன். தகடு மட்டும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள்.