உதவி தேவை: டி.பி.ஏ.எஃப். பட்டதும் நிறம் மாறும் யூரியா ஜெல், கிணற்று நீரின் ஃபுளூரைடுக்கு அசையவே இல்லை

பொருநை:

அனைவருக்கும் வணக்கம். நான் கரிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். குடிநீரில் உள்ள ஃபுளூரைடைக் கருவி ஏதுமின்றிக் கண்ணால் பார்த்தே அறிய உதவும் ஒரு மென்ஜெல்லை உருவாக்குவதே என் ஆய்வின் நோக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வின் தேவையை விளக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மி.கி. என்பதால், அந்த அளவை எட்டும்போது ஜெல் உடைந்தோ நிறம் மாறியோ காட்ட வேண்டும் என்பது என் இலக்கு.

1,6-டைஅமினோஹெக்சேனுடன் 4-நைட்ரோஃபீனைல் ஐசோசயனேட்டை வினைப்படுத்தி, இரு முனைகளிலும் நைட்ரோஃபீனைல் யூரியா கொண்ட மூலக்கூறைத் தயாரித்தேன். அதைச் சூடான டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் கரைத்து, ஒன்பது பங்கு அசிட்டோநைட்ரைல் சேர்த்து ஆறவிட்டால், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மி.கி. என்ற செறிவில் வெளிர்மஞ்சள் ஜெல் கிடைக்கிறது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் வழிவதில்லை. அதன் மேல் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃபுளூரைடை, அதாவது டி.பி.ஏ.எஃப்.ஐச் சேர்த்தால், சில நிமிடங்களில் ஜெல் உடைந்து ஆரஞ்சுச் சிவப்பு நீர்மமாகிறது. குளோரைடு, புரோமைடு, நைட்ரேட் உப்புகளுக்கு மாற்றம் இல்லை. ஆனால் அசிட்டேட்டுக்கு ஜெல் தளர்ந்து ஆரஞ்சுச் சாயல் ஏறுகிறது.

சிக்கல் இதுதான். சோடியம் ஃபுளூரைடின் நீர்க் கரைசலையோ, ஃபுளூரைடு மிகுந்த கிணற்று நீரையோ விட்டால் நிறம் மாறுவதே இல்லை. ஜெல்லின் மேற்பரப்பில் வெண்மையான படிவு மட்டும் தோன்றுகிறது. இதைத் தவிர, அதே செய்முறையில் சில வேளைகளில் ஜெல்லுக்குப் பதிலாக ஊசி ஊசியாகப் படிகம் விழுகிறது. யூரியாவை, ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் கொண்ட தயோயூரியாவாக மாற்றினால் பிணைப்பு வலுக்கும் என்று ஆய்வகத்தில் சிலர் கூறுகிறார்கள். அந்தத் தொகுப்பு வேலையில் இறங்குவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அமிலகாரம்:

வணக்கம் பொருநை. தயோயூரியா தயாரிக்கத் தொடங்கும் முன், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். டி.பி.ஏ.எஃப்.க்குப் பதிலாக டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து யு.வி. நிறமாலை எடுங்கள். ஃபுளூரைடு கொடுத்த அதே பட்டை, அதே இடத்தில், அதே வடிவில் வந்தால், உங்கள் மூலக்கூறு ஃபுளூரைடைப் பிடிக்கவில்லை, ஃபுளூரைடிடம் புரோட்டானை இழந்துவிட்டது என்றுதான் பொருள்.

இந்த வேறுபாட்டை இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் ஃபாப்ரிட்ஸியின் குழு 2004இல் இரு நைட்ரோஃபீனைல் வளையங்களைத் தாங்கிய யூரியாவைக் கொண்டே தெளிவாகக் காட்டியது. முதல் ஃபுளூரைடு அயனி யூரியாவின் இரு என்–ஹெச் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. இரண்டாவது அயனி வந்ததும் புரோட்டான் கழன்று, அதை இரு ஃபுளூரைடுகள் பகிர்ந்துகொள்ளும் பைஃபுளூரைடு அயனி உருவாகிறது. ஹைட்ரஜன் ஃபுளூரைடின் பி.கே.ஏ. (அமில வலிமையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் வலுவானது) டி.எம்.எஸ்.ஓ.வில் ஏறத்தாழ 15 மட்டுமே. அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் யூரியாவிடமிருந்து புரோட்டானைப் பறிக்கும் வலிமை ஃபுளூரைடுக்கு இருக்கக்கூடாது. பைஃபுளூரைடு அயனியின் அசாதாரண நிலைத்தன்மைதான் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது.

உறுதிப்படுத்த என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுக்கலாம். ஜெல் ஆகாத செறிவில், உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ.–டி6இல் கரைத்து, டி.பி.ஏ.எஃப்.ஐச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். 16 பி.பி.எம். அருகே அகலமான மும்முனைக் குறிகை எழுந்தால் அது பைஃபுளூரைடு. அதோடு நைட்ரோஃபீனைல் வளையத்தின் சி–ஹெச் குறிகைகளையும் கவனியுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் நிகழ்ந்தால் யூரியாவுக்கு அருகில் உள்ள சி–ஹெச் உயர் பி.பி.எம். பக்கம் நகரும், புரோட்டான் நீங்கினால் எலக்ட்ரான் அடர்த்தி வளையத்துக்குள் பாய்வதால் குறிகைகள் எதிர்த்திசையில் திரும்பும். இந்தத் திருப்பம் நிகழும் இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டால், ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் உங்களை யாரும் அசைக்க முடியாது. இதைப் பார்க்காமல் 1:1 சமன்பாட்டில் பொருத்திப் பிணைப்பு மாறிலி கணக்கிடுவது பொருளற்றது.

இனி தயோயூரியா. டி.எம்.எஸ்.ஓ.வில் யூரியாவின் பி.கே.ஏ. ஏறத்தாழ 27, தயோயூரியாவினுடையது ஏறத்தாழ 21. ஆறு அலகு கூடுதல் அமிலத்தன்மை என்றால் புரோட்டான் இன்னும் எளிதாகக் கழலும். அசிட்டேட்டுக்கும் முழு நிறம் வரும். கந்தகம் ஆக்சிஜனைவிட வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பி என்பதால் ஜெல்லும் நலியும். ஆகவே அந்த வழி வேண்டாம்.

மென்பொருண்மை:

அமிலகாரம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஜெல் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படிகம் விழுவதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அன்று. மூலக்கூறின் அமைப்பிலேயே அது இருக்கிறது. இரட்டை யூரியா மூலக்கூறுகள் ஜெல் ஆவதே, ஒரு யூரியாவின் இரு என்–ஹெச் தொகுதிகள் அடுத்த யூரியாவின் கார்பனைல் ஆக்சிஜனைக் கவ்வி, அது அதற்கடுத்ததைக் கவ்வி, நீண்ட நாடாவாக ஓடுவதால்தான். நாடாக்கள் இழைகளாகத் திரண்டு, இழைகள் பின்னிக் கரைப்பானைச் சிறைப்பிடிக்கின்றன. வளையத்தில் நைட்ரோ போன்ற எலக்ட்ரான் கவர் தொகுதி வந்தால் என்ன ஆகும் என்பதை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அஷ்வினி நாங்கியாவின் குழு 2006இல் டைஅரைல் யூரியாக்களின் படிக அமைப்புகளைக் கொண்டு ஆராய்ந்தது. அத்தகைய வளையங்களில் யூரியா நாடா பல நேரங்களில் காணாமல் போகிறது; கார்பனைல் ஆக்சிஜன் அருகிலுள்ள சி–ஹெச் தொகுதிகளோடு உள்ளுக்குள்ளேயே முடங்கிவிட, என்–ஹெச் தொகுதிகள் நைட்ரோ போன்ற வேறு ஏற்பிகளைத் தேடிச் செல்கின்றன. உங்களுடையது ஒரு பக்கம் ஆல்கைல் கொண்ட யூரியா என்பதால் நாடா முற்றிலும் அழியவில்லை. ஆனால் நாடாவும் நைட்ரோ அடுக்கும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. குளிரும் வேகம் சற்று மாறினாலும் வெற்றி இடம் மாறுகிறது. நிறத்துக்காக நீங்கள் பொருத்திய தொகுதியே ஜெல்லின் முதுகெலும்பை அரிக்கிறது.

அடுத்தது எல்லாவற்றையும் விட முதன்மையானது. அதற்கு ஒரு எளிய கணக்குப் போதும். உங்கள் மூலக்கூறின் நிறை 444. மில்லிலிட்டருக்கு 10 மி.கி. என்றால் செறிவு ஏறத்தாழ 22.5 மில்லிமோலார். லிட்டருக்கு 1.5 மி.கி. ஃபுளூரைடு என்பது 0.079 மில்லிமோலார். ஒரு மில்லிலிட்டர் ஜெல்லின் மேல் ஒரு மில்லிலிட்டர் நீரை ஊற்றி, அதிலுள்ள ஃபுளூரைடு முழுவதும் உள்ளே இறங்கினாலும், 285 மூலக்கூறுகளுக்கு ஒரு ஃபுளூரைடுதான் கிடைக்கும். அதிலும் ஒவ்வொன்றிலும் இரண்டு யூரியா இருக்கிறது. ஒரு புரோட்டானைக் கழற்ற இரண்டு ஃபுளூரைடு வேண்டும். இந்த விகிதத்தில் எந்த ஜெல்லும் உடையாது. ஜெல் உடைவதையே குறிகையாக வைத்துக் குடிநீர் அளவிலான ஃபுளூரைடை அறிய முயல்வது, மூலக்கூறு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பலிக்காது.

ஆகவே ஜெல்லுக்கு ஒரு மூலக்கூறு, உணர்வதற்கு ஒரு மூலக்கூறு என்று பிரித்துவிடுங்கள். உணரும் மூலக்கூறு மைக்ரோமோலார் அளவில், ஃபுளூரைடைவிடக் குறைவாகவே இருக்கட்டும். ஜெல் அதைத் தாங்கி நிற்கும் ஊடகமாக மட்டும் இருக்கட்டும்.

பொருநை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹைட்ராக்சைடு சோதனையைச் செய்தேன். ஃபுளூரைடுக்கு வந்த பட்டையும் ஹைட்ராக்சைடுக்கு வந்த பட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. என்.எம்.ஆரில் முதல் சமானம் வரை வளையத்தின் சி–ஹெச் குறிகை உயர் பி.பி.எம். பக்கம் மெல்ல நகர்ந்து, அதன் பிறகு திரும்புகிறது, 16 பி.பி.எம். அருகே குறிகையும் தெரிகிறது. 285க்கு ஒன்று என்ற கணக்கை என் நெறியாளரிடம் காட்டினேன். உணர்வையும் ஜெல்லையும் பிரிக்கும் யோசனையை அவரும் ஏற்றுக்கொண்டார்.

இப்போது என் கேள்வி, நீரிலேயே வேலை செய்யும் உணர் மூலக்கூறாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். ஹைட்ரஜன் பிணைப்பையே நம்பி, யூரியாக்களின் எண்ணிக்கையைக் கூட்டிய கூண்டு மூலக்கூறு ஒன்றைச் செய்தால் நீரில் பலன் தருமா?

அமிலகாரம்:

நீங்கள் கருதும் மின்சுமையற்ற யூரியாக் கூண்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபுளூரைடின் நீரேற்ற ஆற்றல் மோலுக்கு 460 கிலோஜூலுக்கும் மேல். ஹாலைடுகளிலேயே நீரை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பது அதுதான். அந்த நீர் உறையைக் கழற்ற, என்–ஹெச் தொகுதிகளைவிட வலுவான ஏதோ ஒன்று தேவை. டி.பி.ஏ.எஃப். அசிட்டோநைட்ரைலில் வேலை செய்ததும், கிணற்று நீர் வேலை செய்யாததும் இதனால்தான்.

எனக்குத் தெரிந்து நம்பத்தக்க வழிகள் இரண்டு. முதலாவது போரான். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கபாயின் குழு, பாஸ்போனியம் போன்ற நேர்மின் தொகுதியைத் தாங்கிய டிரைஅரைல் போரேன்களைச் செய்து, நீரிலிருந்தே ஃபுளூரைடைப் பிடித்துக் காட்டியது. போரானின் வெற்று ஆர்பிட்டாலும் அருகிலுள்ள நேர்மின்சுமையும் சேர்ந்து அந்த வலிமையைத் தருகின்றன. வேதியியலாக அழகான வழி. ஆனால் காற்றும் ஈரமும் படாமல் தொகுக்க வேண்டியிருப்பதால், உங்கள் ஆய்வகத்தில் அதற்கான வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை ஃபுளூரைடைக் கொண்டே வெட்டச் செய்வது. கிம், ஸ்வேகர் ஆகியோர் 2003இல் இந்த வினையைக் கூமரின் ஒளிர்வோடு இணைத்துக் காட்டினார்கள். 7-ஹைட்ராக்சி-4-மெத்தில்கூமரினின் ஹைட்ராக்சில் தொகுதியைச் சிலைல் ஈதராக மூடிவிட்டால் ஒளிர்வு மங்கும். ஃபுளூரைடு சிலிக்கானைப் பறித்ததும் 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் நீல ஒளி எழும். ஹைட்ராக்சைடும் இதே பிணைப்பை வெட்டும் என்பதால், மெத்தில்களை மட்டும் தாங்கிய சிலைல் தொகுதி கூடாது. டிரைஐசோப்ரொப்பைல் அல்லது டெர்ட்-பியூட்டைல் டைஃபீனைல் போன்ற பருத்த தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். பி.ஹெச். 7.4 அளவில் தாங்கல் கரைசல் வையுங்கள்: கூடினால் ஹைட்ராக்சைடு குறுக்கிடும், மிகவும் குறைந்தால் விடுபட்ட கூமரின் அயனியாகாமல் ஒளிர்வு குன்றும். நீரில் இந்த வினை மெதுவானது என்பதை மறவாதீர்கள். தொகுதி பருக்கப் பருக்க இன்னும் மெதுவாகும். ஒரே ஒரு அளவீட்டை நம்பாமல், ஃபுளூரைடு இல்லாத வெற்று மாதிரியோடு சேர்த்து நேரத்துக்கு எதிரான ஒளிர்வை வரையுங்கள்.

மென்பொருண்மை:

ஊடகத்துக்கு இப்போதைக்குப் புதிய மூலக்கூறு எதுவும் வேண்டாம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோஸ் ஒரு விழுக்காடு போதும். அது நீரிலேயே ஜெல் ஆகும், தெளிவாக இருக்கும், ஆறும்போது 40 பாகைக்குக் கீழேதான் உறையும் என்பதால் சூடு தணிந்த பின் உணரியைக் கலந்துவிடலாம். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வார்க்காதீர்கள். தடித்தால் ஃபுளூரைடு ஊடுருவ ஆகும் நேரமே வினையின் நேரத்தை விழுங்கிவிடும். யூரியா ஜெல்லையும் கைவிட வேண்டாம். எதிர்மின் அயனிகளால் ஜெல்லின் வலிமையை மாற்றியமைப்பது இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஸ்டீடின் குழு நெடுங்காலமாகச் செய்துவரும் தனித்துறை. உங்கள் ஜெல்லை ரியோமீட்டர் என்னும் பாய்வியல் கருவியில் வைத்து, டி.பி.ஏ.எஃப். கூடக் கூட ஜி-பிரைம் (மீள்தன்மை அளவு) எப்படிச் சரிகிறது, எந்த இடத்தில் ஜி-டபுள்-பிரைமுக்குக் (பாகுத்தன்மை அளவு) கீழே போகிறது என்று அளந்தால், அது ஆய்வேட்டில் ஒரு முழு இயலாக நிற்கும். அந்த இயலில் குடிநீர் என்ற சொல் மட்டும் வரக்கூடாது.

நீர்மாதிரி:

நான் நீர்ப் பகுப்பாய்வு செய்பவன். தொகுப்பு வேதியியல் அறியேன். களத்துக்குப் போகும்போது தேவைப்படும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் மிகுதியாகவும் இருக்கும். லிட்டருக்கு 300 மி.கி. பைகார்பனேட் என்பது ஏறத்தாழ 5 மில்லிமோலார், அதாவது நீங்கள் தேடும் ஃபுளூரைடைப் போல 60 மடங்கு. ஆகவே வெற்று மாதிரிக்கு வாலை வடிநீரைப் பயன்படுத்தாமல், அதே அளவு பைகார்பனேட்டும் குளோரைடும் சல்பேட்டும் கலந்த, ஃபுளூரைடு மட்டும் இல்லாத நீரைப் பயன்படுத்துங்கள். தாங்கல் கரைசலும் அந்தக் காரத்தன்மையைத் தாங்கும் செறிவில் இருக்கட்டும்.

ஒப்பீட்டுக்கு, ஃபுளூரைடை அளக்கும் லாந்தனம் ஃபுளூரைடு மின்வாய் இருக்கிறது. ஃபிராண்ட், ராஸ் ஆகியோர் 1966இல் அறிமுகப்படுத்திய அந்த முறைதான் இன்றும் எங்கள் அன்றாட வேலை. அலுமினியமும் இரும்பும் ஃபுளூரைடைக் கவ்வி மறைத்துவிடும் என்பதால் அவற்றைப் பிடித்துவைத்து அயனி வலிமையையும் பி.ஹெச்.ஐயும் நிலைப்படுத்தும் டிசாப் கரைசல் சேர்த்தே அளவிடுங்கள்; உங்கள் ஜெல்லுக்கும் அந்த மறைப்பு பொருந்தும். சிர்கோனியம்–ஸ்பாட்ன்ஸ் சாய முறையில் நிறம் மங்குவதைக் கொண்டு அளக்கும் வழியும் இந்த அளவு எல்லைக்குள் வேலை செய்கிறது. உங்கள் ஜெல் இவற்றைவிட எதில் மேலானது, கையாள எளிது என்பதா, கரைசல் எதையும் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வடிவமைப்புக்கு உதவும்.

மாதிரிகளைக் கண்ணாடிக் குப்பியில் எடுக்காமல் பாலித்தீன் குப்பியில் எடுங்கள். குழாயடியிலேயே பி.ஹெச்.ஐ அளந்து குப்பியின் மேல் எழுதிவிடுங்கள். ஆய்வகம் வந்து சேர்வதற்குள் கரியமில வாயு வெளியேறி அது மாறிவிடும்.