நான்கு நூல்களையும் ஒரே வேகத்தில் படிக்கலாமா?

கேள்வி: கொள்ளிடக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நான் படித்தவை ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு நூல்கள்: உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல், அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவல், இவற்றுக்கிடையே இரவு வேளைகளில் குறுந்தொகை. திட்டமிட்டுத் தேர்ந்தவை அல்ல. நூலகத்தில் கைக்குக் கிடைத்த வரிசையில் எடுத்து வந்தேன்.

ஐயரவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் பகுதிகளைப் புத்தகத்தை மூட மனமின்றிப் படித்தேன். ஆனால் எந்த ஊரில் எவர் வீட்டில் தங்கினார்கள், எந்தச் செய்யுளுக்கு என்ன சன்மானம் கிடைத்தது என்பன போன்ற செய்திகள் மீண்டும் மீண்டும் வந்தபோது அயர்ச்சி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த 122 அத்தியாயங்களை நான் சில நாட்களுக்குள் படித்ததுதான் இதற்குக் காரணமோ என்று ஐயுறுகிறேன்.

சிங்காரத்திடம் நேர்மாறான அனுபவம். இரண்டு நாள் இடைவெளி விட்டுத் திரும்பினால், நாயகன் பாண்டியன் இந்தோனேசியாவின் மெடானில் நிற்கிறானா, மதுரைத் தெருக்களை நினைத்துக்கொண்டிருக்கிறானா என்பதே பிடிபடவில்லை. ஒரு விடுமுறை நாளில் முதலிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் படித்த பிறகுதான் அந்த நடையின் கேலியும் ஆவேசமும் என்னை இழுத்துச் சென்றன. குறுந்தொகையிலோ, ஓர் இரவில் பத்துப் பாடல்களைக் கடந்ததும் எல்லாத் தலைவியரும் ஒருத்தியாகவே தோன்றத் தொடங்கினர். அசோகமித்திரனை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் படித்து முடித்தேன். அவ்வளவு எளிதாக முடிந்தது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: ஒரு நூலை எந்த வேகத்தில் படிக்க வேண்டும் என்பதை அந்த நூலே சொல்கிறதா, அல்லது அது வாசகரின் மனநிலையைப் பொறுத்ததுதானா?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

ஐயா, 'என் சரித்திரம்' பற்றிய உங்கள் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தொடராக வந்ததால் செய்திகள் திரும்ப வருகின்றன என்பது பாதி உண்மையே. அந்தச் சன்மானக் கணக்குகள் ஒரு குடும்பத்தின் வரவு கணக்கு. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைக்கும்வரை மாதச் சம்பளம் என்ற ஒன்றை அறியாமல், தந்தையின் கதாப்பிரசங்கத்தையும் ஊராரின் ஆதரவையும் நம்பி ஊர் ஊராகச் சென்ற குடும்பம் அது. யார் வீட்டில் எத்தனை நாள் தங்கினார்கள் என்பதை நீக்கிவிட்டால், தமிழ் படிக்க அந்த இளைஞர் கொடுத்த விலை என்னவென்பது தெரியாமலே போய்விடும்.

நிறையப் படிப்பதைப் பற்றியே அந்நூலில் ஓர் இடம் உண்டு. ஒரு மாத வாசிப்பைப் பட்டியலிடும் எவரும் அதைத் திரும்பப் படிக்கலாம். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, முன்சீப்பாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் சிறிதும் வியப்பில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் கேட்ட பிறகுதான் சீவக சிந்தாமணி ஐயரின் வாழ்க்கைக்குள் வருகிறது. அதன் பதிப்பு 1887-ல் வெளிவருகிறது. முந்தைய அத்தியாயங்களின் நிதானம் இல்லாதிருந்தால் அந்தச் சந்திப்பின் கூர்மை நமக்கு உறைத்திருக்காது.

மறுமொழி: கப்பல்காரர் பேரன்

சிங்காரத்தைப் பற்றி ஒரு சொல். என் பாட்டனார் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர்; ஆதலால் அந்நாவலில் வரும் மேலாள் (கடைப் பொறுப்பாளர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்த நிலைப் பணியாளர்), பெட்டியடிப் பையன் (கடை எடுபிடி), கிட்டங்கி (கிடங்கு) ஆகியவை எங்கள் வீட்டில் புழங்கிய சொற்கள். அச்சொற்களுக்காகவே நான் நின்று நின்று படித்தேன், எனக்குத் தொடர்ச்சி அறுபடவில்லை. எனவே வேகத்தை நூல் மட்டுமே தீர்மானிப்பதாக நான் எண்ணவில்லை. வாசகர் எதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 1972-ல் வெளிவந்த அந்த நாவல் நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்ததற்கு, அந்த உலகத்தை அறியாத வாசகர்கள் முதல் சில பக்கங்களிலேயே தயங்கியதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

மறுமொழி: தினைப்புனம்

குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள் கொண்டவை. எனினும் அவற்றைச் சிறியவை என்று எண்ணி அடுத்தடுத்து விழுங்கினால் நீங்கள் சொன்ன மயக்கம் நேரவே செய்யும். ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறு பாடல் என்ற ஒழுங்கு உண்டு. குறுந்தொகையில் அந்த ஒழுங்கு இல்லை. பாலையை அடுத்துக் குறிஞ்சியும், தோழியை அடுத்துத் தலைவனும் வரக்கூடும். நான் கையாளும் வழி, பேசுவது யார் என்று பாடலின் கீழே சொல்லும் கூற்றுக் குறிப்பைப் பார்த்து, ஓர் இரவு தோழி கூற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வது. அப்போது தலைவி பேசும் குரல் எவ்வளவு வேறானது என்பது அடுத்த நாள் தெளிவாகக் கேட்கும். கபிலரின் இருபத்தைந்தாம் பாடலில், தன்னை அவன் மணந்த நாளில் சாட்சி யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நாரைதான் இருந்தது என்கிறாள் தலைவி. அந்த நாரையின் கால் தினைத்தாளைப் போன்றது என்பதுவரை அவள் நினைவில் இருக்கிறது. கவனமோ மீன்மீது இருந்த பறவை அவளுக்காக என்ன சாட்சி சொல்லும்? இதற்குப் பிறகு அன்றிரவு இன்னொரு பாடல் வேண்டுமா என்ன?

மறுமொழி: கொள்ளிடக்கரையான்

மூவருக்கும் நன்றி. கூற்று வாரியாகப் படிக்கும் வழியை இன்றே தொடங்குகிறேன். சன்மானங்களைப் பற்றி ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அப்பகுதிகளை வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்தவர்களுக்கு என் அயர்ச்சி வந்திருக்காது என்றே இன்னமும் கருதுகிறேன். அசோகமித்திரனைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லையே?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

அந்த எளிமையை நம்பாதீர்கள். கல்லூரி, கிரிக்கெட், வீட்டு வேலை என்று நாயகன் சந்திரசேகரனின் நாட்கள் சாதாரணமாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே, கதை 'நான்' என்றும் 'அவன்' என்றும் மாறி மாறிச் சொல்லப்படுவதைக் கவனித்தீர்களா? 1948 செப்டம்பரில் இந்தியப் படை நிஜாம் ஆண்ட ஐதராபாத்துக்குள் நுழைந்த பின் நிகழும் இறுதிக் காட்சியில், தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுமி தன்னையே கொடுக்க முன்வருவதைக் கண்டு ஓடுகிறவன், தன்னைத் தானே வெளியே நின்று பார்க்கும்படி ஆகிவிட்டவன். எங்கெங்கே அந்த மாற்றம் நிகழ்கிறது என்று குறித்துக்கொண்டு இரண்டாம் முறை படியுங்கள். இம்முறை இவ்வளவு விரைவாக முடிக்க முடியாது.