ஆரல்வாய்மொழியில் காற்று கொட்டும்போது சில காற்றாலைகள் மட்டும் நிற்பது ஏன்?

கேட்பவர்: வள்ளியூர்ப்பயணி

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் அடிக்கடி போகிறேன். ஆனி பிறந்ததும் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்பது இந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், ஜன்னலைத் திறந்தால் மடியில் இருக்கும் செய்தித்தாள் நிற்காது. அந்தக் காற்றிலும் ஒரு வரிசைக் காற்றாலைகள் அசையாமல் நிற்கின்றன. பக்கத்து வரிசை சுற்றுகிறது. பக்கத்து இருக்கைக்காரர், "எல்லாம் வரி ஏய்க்க வைத்தது, சுற்றினால் என்ன, நின்றால் என்ன" என்றார். பிளஸ் டூ படிக்கும் என் மருமகனோ, மின்சாரம் மிஞ்சினால் நிறுத்திவிடுவார்கள் என்கிறான். மிஞ்சுகிறது என்றால் எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு விளக்கு மங்குவானேன்? மிஞ்சுவதை பேட்டரியில் பிடித்து வைத்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: குமரிமைந்தன்72

பெரும்பாலும் பழுதுதான். உதிரிபாகம் கிடைக்காத பழைய இயந்திரங்கள் அங்கே நிறைய.

மறுமொழி: கோபுரமேறி

அண்ணாச்சி, காற்றாலைப் பராமரிப்பில் இளமை முழுவதையும் கழித்தவன் நான். நிற்கிற காற்றாலையை வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எத்தனை நிற்கின்றன, எந்த வரிசை என்று பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் தனியாக நின்றால் குமரிமைந்தன் சொன்ன மாதிரி பழுதாக இருக்கலாம். இல்லையென்றால் கோபுரத் தலை காற்றின் திசைக்குத் திரும்பித் திரும்பி, உள்ளே இறங்கும் கேபிள் முறுக்கிக்கொண்டிருக்கும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால் இயந்திரமே தன்னை நிறுத்தி, எதிர்த்திசையில் சுற்றி அவிழ்த்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் பஸ்ஸில் கடந்து போனால் 'கெட்டுப்போனது' என்றுதான் நினைப்பீர்கள். பழைய சிறிய இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று அறிய இறக்கையின் நுனியைப் பாருங்கள். நுனித் துண்டு மட்டும் குறுக்காகத் திரும்பியிருந்தால் அது பிரேக். பெரிய புதிய இயந்திரங்களில் முழு இறக்கையும் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும்.

ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நின்றால் கதை வேறு. அந்த வரிசையின் மின்பாதை துண்டிக்கப்பட்டிருக்கும், அல்லது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். எங்கள் மொழியில் 'பேக் டவுன்'. உங்கள் மருமகன் சொன்னதில் பாதி சரி. ஊரில் தேவை இல்லாமல் மட்டும் நிறுத்துவதில்லை. பல நேரங்களில் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பியில் இடம் இருக்காது. உங்கள் தெருவில் விளக்கு மங்குவது உங்கள் மின்மாற்றியின் சுமையால் இருக்கலாம். முப்பந்தலில் எத்தனை இறக்கை சுற்றினாலும் அது சரியாகாது.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் கடுமை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னக மின்தொகுப்பு, அதாவது தென் மாநிலங்களின் மின்பாதை வலை, நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதற்கு முன் நம் ஆடிக் காற்று மின்சாரம் வடக்கே போக வழி குறுகலாக இருந்தது. பின்னாளில் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் அருகே புகளூர் வரை 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின் (டி.சி.) பாதை வந்தது. கோடையில் மின்சாரம் இங்கே வரலாம், காற்றுக் காலத்தில் இங்கிருந்து அங்கே போகலாம். பேட்டரி பேட்டரி என்று எல்லோரும் பேசுகிறார்கள். நான் கண்ட வரையில் காற்றாலைக்கு முதல் வாழ்வு கொடுத்தது கம்பிதான்.

வரிப் பேச்சும் வெறும் வதந்தியல்ல. 1990களில் போட்ட முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே வரிக்குரிய வருமானத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்காகவே இயந்திரம் வாங்கியவர்கள் இருந்தார்கள். விளைவு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது: நாட்டிலேயே அருமையான காற்று வரும் ஆரல்வாய்மொழிக் கணவாயை 250 கிலோவாட்டும் அதற்குக் குறைவுமான குள்ள இயந்திரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. உயரம் கூடக் கூட வேகமும் கூடும். நூறு மீட்டருக்கு மேல் தலை தூக்கி நிற்க வேண்டிய இடத்தில் முப்பது மீட்டர் கோபுரம் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்த 2024இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று நிலம் பலர் கையில் சிதறிக் கிடக்கும்போது பெரிய இயந்திரத்துக்கு வேண்டிய இடைவெளியை யார் யாரிடம் கேட்டு வாங்குவது?

மறுமொழி: நூற்பாலைக்காரர்

உடுமலைப் பக்கம் நூற்பாலை நடத்துகிறேன், சொந்தக் காற்றாலைகள் உண்டு. கோபுரமேறி ஐயா சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களைப் போன்றவர்கள் காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வோம். இது ஓராண்டு வரை செல்லும். புதிய காற்றாலைகளுக்கு இந்தச் சலுகை சுருக்கப்பட்டுவிட்டது. எங்களுக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் நியாயமாகப் பேசினால், ஆடியில் நான் கொடுத்த மின்சாரத்தை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. அன்றே யாரோ எரித்துவிட்டார்கள். தை மாதம் எனக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் நிலக்கரியில் பிறந்தது.

மாலை உச்ச நேரத்தில் எங்களைப் போன்ற உயரழுத்த இணைப்புகளுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். அந்த நான்கு மணி நேரத்தை ஓட்ட பேட்டரி வைக்கலாமா என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆடியில் பிடித்துத் தையில் எடுக்க எந்த பேட்டரியும் கட்டுப்படியாகாது.

மறுமொழி: மலைநீர்

பேட்டரி என்றால் லித்தியம் மட்டுமா? வால்பாறை மலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. தலா 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள், மலைக்குள் குடைந்த அறையில். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து கடம்பாறை அணைக்கு நீரை ஏற்றுகிறார்கள். தேவை ஏறும்போது அதே நீர் அதே இயந்திரத்தின் வழியே இறங்குகிறது. ஓய்வு பெறும்வரை இத்துறையில் இருந்தவன் என்பதால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இத்தகைய நிலையங்களில் இயந்திரத்தைப் பம்பாகத் தொடங்கும்போது, சுழலியைச் சுற்றியுள்ள நீரை அழுத்தக் காற்றால் கீழே தள்ளிவிடுவார்கள். சுழலி வெறுங்காற்றில் சுற்றி, வேகம் மின்தொகுப்போடு ஒத்துப்போன பிறகுதான் நீரை உள்ளே விடுவார்கள். அந்தக் கணத்தில் அறையின் ஓசையே மாறிப்போகும்.

கணக்கு இதோ. ஆயிரம் லிட்டர் நீரை 367 மீட்டர் உயர்த்தக் கோட்பாட்டளவில் ஒரு யூனிட் வேண்டும். கடம்பாறையின் உயரமும் அதை ஒட்டியதுதான். ஆக ஒரு டேங்கர் லாரி நீர் முழுவதும் அந்த மலையிலிருந்து விழுந்தாலும் ஒரு வீட்டின் ஒரு நாள் செலவுக்கு மேல் அதிகம் தேறாது. நான்கு இயந்திரங்களும் நான்கு மணி நேரம் ஓடினால் 16 லட்சம் யூனிட். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் பாதி நான்கு மணி நேரம் சுற்றினால் 2 கோடி யூனிட்; அத்தனையையும் கடம்பாறை ஒன்று தாங்காது. ஏற்றி இறக்குவதில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து யூனிட் தொலைந்தும் போகும். நீலகிரியில் குந்தாவில் 125 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களுக்கான திட்டம் எத்தனை ஆண்டு இழுபட்டது என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். மலையைக் குடைவது கன்டெய்னரில் பேட்டரி கொண்டுவந்து இறக்குவது போல அல்ல. ஆனால் ஒருமுறை குடைந்துவிட்டால் பேரன் காலத்துக்கும் ஓடும்.

மறுமொழி: வள்ளியூர்ப்பயணி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம்: நான் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். இரவில் சார்ஜ் போட்டால் இந்தக் காற்றுக்கு ஏதாவது உதவியாகுமா?

மறுமொழி: கோபுரமேறி

ஆகும் அண்ணாச்சி, காற்றுக் காலத்தில். வேலை முடிந்து வந்ததும் ஏழு மணிக்குச் சொருகாதீர்கள். அப்போது சூரிய மின்சாரம் போய்விட்டது, எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடுகின்றன. பதினொன்றுக்கு மேல் போடுங்கள். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று நடுநிசியிலும் ஓயாது. ஒரு யூனிட்டில் ஸ்கூட்டர் முப்பது கிலோமீட்டர் போகும். நீங்கள் ஒருவர் போட்டு ஒன்றும் ஆகிவிடாது, பஸ் பணிமனைகளும் அதே நேரத்தில் போட்டால் எங்கள் ஆட்களுக்கு பேக் டவுன் உத்தரவு கொஞ்சமாவது குறையும். இதற்காக வீட்டு மின்கட்டணத்தில் உங்களுக்கு ஒரு ரூபாயும் குறைக்க மாட்டார்கள். நூற்பாலைக்காரருக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறுகிறது, நமக்கு இல்லை.