ஒரு கரித்துண்டு, நாலு துறை: கலப்பு வகுப்புக்கு என்ன சொல்லித் தருவது?

அகழ்குழி:
வரலாறு, இயற்பியல், வேதியியல், தாவரவியல் மாணவர்கள் சேர்ந்து படிக்கும் விருப்பப்பாடம் ஒன்றுக்குப் பாடத்திட்டம் தயாராகிறது. அகழாய்வில் கிடைக்கும் கரித்துண்டுக்குக் காலம் குறிப்பதுதான் பொருள். உயிர் போனபின் சிதைந்து குறையும் கார்பன்-14இன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) 5730 ஆண்டு என்பதோடு பாடநூல் நின்றுவிடுகிறது. குழிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே எங்கே கெடுகிறது, எந்தத் துறைக்காரர் எதைப் பார்க்க வேண்டும்? எண்களோடு சொன்னால் உதவி.

கரிக்காரர்:
பாதிக் கேடு குழியிலேயே நடந்துவிடும். கரியைக் கையால் தொடக் கூடாது. சுத்தமான இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, அப்புறம் ஜிப் உறையில் போட வேண்டும். பஞ்சு, டிஷ்யூ, செய்தித்தாள் எதிலும் சுற்ற வேண்டாம், எல்லாமே இக்காலக் கார்பன். குழி எண், மண்ணடுக்கு, ஆழம், இரு சுவரிலிருந்து தூரம் எல்லாவற்றையும் உறைக்கு வெளியே எழுதுங்கள். சீட்டு உள்ளே போகக் கூடாது. எலி வளை, கறையான் புற்று, வேர்த்தடம் அருகே கிடைத்ததை ஒதுக்கிவிடலாம். உதிர்கிறதே என்று பசை தடவுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஏன் என்பதை மாணவர்களே கணக்குப் போடட்டும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பசையில் கார்பன்-14 கிடையாது. அந்தக் கார்பன் 1 சதவீதம் கலந்தால், மாதிரி எக்காலத்ததானாலும் சுமார் 80 ஆண்டு மூப்பாகக் காட்டும். இக்காலக் கார்பன் 1 சதவீதம் கலந்தால் 2,600 ஆண்டுக் கரியில் 30 ஆண்டுதான் குறையும்; 30,000 ஆண்டுக் கரியிலோ 2,700க்கு மேல் குறைந்துவிடும்.

ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம். முதல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு, மண்ணிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலத்தை எடுக்கும். மூன்றாவது எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், பலர் முழிப்பார்கள். காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், அதை விரட்டத்தான். நைந்த கரி காரத்திலேயே மொத்தமும் கரைந்து போவதுண்டு, அதற்குச் செறிவைக் குறைக்க வேண்டும். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். கருவிக்குக் கடைசியில் 1 மி.கி. கார்பன் போதும், ஆனாலும் 20 முதல் 50 மி.கி. கரி அனுப்புங்கள்.

மரவெட்டு:
அமிலத்துக்குப் போகுமுன் துண்டு தாவரவியல் மேசைக்கு வர வேண்டும். கரியை ஒடித்து, குறுக்கு, ஆரம், தொடுகோடு என்று மூன்று தளத்தையும் மேலொளி நுண்ணோக்கியில் பார்த்தால் என்ன மரம் என்று பிடிபடும். கார்பன் காட்டுவது மரத்தை வெட்டிய காலத்தை அல்ல, அந்த வளையம் வளர்ந்த காலத்தை. 200 வயதுத் தேக்கின் நடு வயிரம் அடுப்பில் எரிந்திருந்தால், அடுப்பைவிட 200 ஆண்டு பழையதாகக் காட்டும். உத்தரமாக இருந்து பிறகு விறகானது என்றால் இன்னும் பின்னே போகும். கரிந்த நெல், வரகு, பயறு, மெல்லிய சுள்ளி கிடைத்தால் பெரிய கட்டியை ஒதுக்கிவிட்டு அவற்றை அனுப்புங்கள்.

விதை கண்ணில் படாது. அடுப்பு மண் 10–20 லிட்டரை வாளித் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை 0.25 மி.மீ. சல்லடையில் வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் விதை வெடிக்கும். பயிற்சிக்கு அகழாய்வு மண்ணைத் தொட வேண்டாம். தோட்ட மண்ணில் கருக்கிய நெல் 50 எண்ணிப் போட்டு, எத்தனை திரும்பி வருகிறது என்று பாருங்கள். திறமை அதில் தெரிந்துவிடும்.

வளைகோடு:
ஆய்வகம் தரும் ‘2450 ± 30’ நேரடி நாட்காட்டி ஆண்டு அல்ல. 1950இலிருந்து பின்னோக்கிய எண்ணிக்கை, அதுவும் இம்முறையைக் கண்டுபிடித்த லிப்பியின் பழைய அரை ஆயுளான 5568ஐ வைத்து. 5730தானே சரி என்று 1.03ஆல் பெருக்குபவர் வகுப்புக்கு ஒருவர் இருப்பார். பெருக்கக் கூடாது, கார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுதிருத்த வளைகோடே 5568ஐ ஏற்றுத்தான் வரையப்பட்டது.

அந்த மாற்றத்தைச் செய்யும் ஆக்ஸ்கால் மென்பொருள் இலவசம். அதில் இன்ட்கால்20 என்ற வளைகோட்டில் இந்த எண்ணைப் போட்டால் ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை வரும். கி.மு. 800–400க்கு நடுவே வளைகோடு கிட்டத்தட்ட தட்டை, பல நாட்காட்டி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரே கார்பன் வயதுதான் வரும். எவ்வளவு நல்ல கருவியானாலும் இந்த அகலம் பெரிதாகச் சுருங்காது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குத் தமிழகத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை தந்த கி.மு. 580 இந்த இடத்தில்தான் விழுகிறது. கரும்பலகையில் 580ஐ மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் பாடமே போயிற்று.

அகழ்குழி:
அந்த நூற்றாண்டுகளுக்கு வேறு வழி? ஓ.எஸ்.எல். (ஒளியால் தூண்டிய ஒளிர்வை அளந்து காலம் குறிப்பது) செய்யலாமா?

வளைகோடு:
செய்யலாம். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் கடைசியாக வெயில் கண்ட காலத்தைச் சொல்லும், வளைகோட்டுத் தொல்லை இல்லை. ஆனால் பிழை பொதுவாக 5–10 சதவீதம். 2,500 ஆண்டில் 125 முதல் 250. மாதிரிக்கு இரும்புக் குழாயைக் குழிச் சுவரில் அறைந்து இறக்கி, இரு முனையையும் வெளிச்சம் புகாமல் மூட வேண்டும்.

அதைவிட, ஒரே குழியின் அடுக்கு வரிசையில் ஐந்தாறு விதை மாதிரி எடுத்து, ‘கீழது மூத்தது’ என்ற நிபந்தனையோடு ஆக்ஸ்காலில் கொடுங்கள். தட்டைக்கு வெளியே விழும் மாதிரிகள் நடுவிலுள்ளவற்றின் வீச்சைக் குறுக்கும். அடுக்கைத் தப்பாகப் பதிந்திருந்தால் மட்டும் முடிவு அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும்.

கரிக்காரர்:
டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையமான ஐ.யு.ஏ.சி.யில் ஏ.எம்.எஸ். வசதி உண்டு. விண்ணப்பத்தோடு குழிச்சுவர் வரைபடமும், எந்தக் கேள்விக்காகக் காலம் தேவை என்று ஒரு பத்தியும் வையுங்கள். மாதிரியில் பாதியைத் துறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போனது திரும்பி வராது.