ஹாப் லெங்த்: தாவல் நீளமா, நகர்வு நீளமா?

> லிப்ரோசா (ஒலியைப் பகுப்பாய்வு செய்யும் பைத்தான் நிரலகம்) கையேட்டுத் தமிழாக்கத்தில் ஃபிரேம் = சட்டகம், விண்டோ = சாளரம், ஹாப் லெங்த் = தாவல் நீளம் என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம் ஐயா,

முதல் இரண்டும் சரி. ஒலியைச் சாளர அளவுத் துண்டுகளாக (சட்டகங்களாக) எடுத்துப் பார்க்கிறோம்; ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரையுள்ள தூரமே ஹாப் லெங்த். ‘தாவல்’தான் உறுத்துகிறது. வாய்க்காலைத் தாவினான் என்றால் தண்ணீரில் கால் படவில்லை என்று பொருள். இங்கே எதுவும் விடுபடுவதில்லை. பேச்சொலிக்கு வழக்கமான அளவையே பாருங்கள்: நொடிக்கு 16,000 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்), சாளரம் 400 (25 மில்லிநொடி), ஹாப் 160 (10 மில்லிநொடி). முதல் சாளரம் 0 முதல் 399 வரை, அடுத்தது 160 முதல் 559 வரை. 240 மாதிரிகள் இரண்டிலும் உண்டு. கூரையில் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒவ்வொரு துண்டையும் பெருக்கப் பயன்படும் ஹான் சாளரம் என்ற வளைகோடு அதன் ஓரங்களைச் சுழியை நோக்கித் தேய்த்துவிடுவதால், ஒன்றின் ஓரத்தில் மங்கிய ஒலி அடுத்ததன் நடுவில் வந்தாக வேண்டும். ‘தாவல் 160’ என்று படிப்பவர் இதை இடைவெளி என்று எடுத்துக்கொண்டு அடுத்த சாளரத்தை 560இல் தொடங்குவார். சாளரங்களிலிருந்து கணக்கிடும் பண்புக்கூறுகளில் ஓட்டை விழும்.

‘நகர்வு நீளம்’ என்று வைக்கலாம். பேச்சறி மென்பொருளான கால்டியில் இதே அளவின் பெயர் ஃபிரேம் ஷிஃப்ட். அதற்கும் இச்சொல் பொருந்தும்.

> பிட்ச் ஷிஃப்ட்டும் நகர்வு ஆகிவிடாதா அம்மா? அலகும் சொல்லில் தெரியவில்லையே.

பிட்ச் ஷிஃப்ட்டுக்குச் ‘சுருதி மாற்றம்’ போதும், அங்கே சாளரம் நகரும் பேச்சே இல்லை. அலகு பற்றிச் சொன்னது முக்கியம். கால்டி மில்லிநொடியில் கேட்கும், லிப்ரோசா மாதிரி எண்ணிக்கையில் கேட்கும். அந்தப் பழக்கத்தில் லிப்ரோசாவுக்கு 10 என்று கொடுத்தால், ஒரு நொடி ஒலிக்கு 101 சட்டகங்களுக்குப் பதில் 1,601 வரும். ஆகவே கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் ‘நகர்வு நீளம் (மாதிரிகளில்)’ என்று எழுதிவிடுங்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு குறிப்பும் வேண்டும். கோப்பைத் திறக்கும் லிப்ரோசாவின் லோட் (load) செயற்கூறு, எஸ்ஆர் (sr, நொடிக்கு எத்தனை மாதிரிகள்) மதிப்பு எதையும் கொடுக்காவிட்டால், கோப்பை நொடிக்கு 22,050 மாதிரிகளுக்கு மாற்றிவிடும்; கோப்பின் சொந்த வீதமே வேண்டுமென்றால் None என்று கொடுக்க வேண்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. அப்போது 160 என்பது 10 மில்லிநொடி அல்ல, ஏறத்தாழ 7.26. ‘வாழை’யின் ழகரம் 1.00 நொடியில் இருக்கிறதென்று 100ஆம் சட்டகத்தை எடுத்தால், கையில் வருவது 0.726ஆம் நொடியின் ஒலி.