48 வீட்டு அபார்ட்மென்ட்டில் கம்போஸ்ட்: மெஷின் வாங்கலாமா, தொட்டி கட்டலாமா?

வேப்பங்காற்று:
வணக்கம் நண்பர்களே. சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் 48 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் எங்களுடையது. மொட்டை மாடியில் ஏறினால் பெருங்குடி குப்பை மேடு தெரியும். சதுப்பு நிலத்தை ஒட்டி வருடக்கணக்காகக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது, அதைத்தான் பயோமைனிங் என்று தோண்டிச் சலித்து மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரிக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டு வெங்காயத் தோலையும் அந்த மாதிரி ஒரு மேட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

போன வருடம் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டு நாலு வீட்டுக் குப்பையைப் போட்டுப் பார்த்தேன். பத்தே நாளில் அடியில் கறுப்புத் தண்ணீர், நாற்றம், வெள்ளைப் புழு. தரைத்தளத்து அம்மா அழாத குறையாகச் சொன்னார், மூடிவிட்டேன். இப்போது செக்ரட்டரி சார் 24 மணி நேரத்தில் உரம் தரும் மெஷினுக்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார், ஆறு லட்சத்துக்குக் கிட்டே வருகிறது. அடுத்த மாதம் மீட்டிங். வாங்கலாமா? டிரம்மில் நான் செய்த தப்பு என்ன?

சருகுமூட்டை:
சருகு போதவில்லை, அதுதான் தப்பு. சமையலறைக் குப்பையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மட்டும் போட்டால் அமுங்கிப்போய்க் காற்று நுழைய வழியில்லாமல் அழுகும். ஒரு பக்கெட் குப்பை போட்டால் ஒரு பக்கெட் காய்ந்த இலை போடுங்கள், போட்ட குப்பை வெளியே தெரியவே கூடாது.

நாங்கள் கோவையில் 36 வீடு. தும்பூர்முழி தொட்டி மூன்று கட்டியிருக்கிறோம். கேரளத்தில் கால்நடைப் பல்கலைக்கழகக்காரர்கள் உருவாக்கிய முறை இது. 2012-ல் ஆலப்புழாவில் சர்வோதயபுரம் கிடங்குக்குக் குப்பை வரக்கூடாது என்று ஊர்மக்கள் மறித்த பிறகு, ஊருக்குள்ளேயே அங்கங்கே இந்தத் தொட்டிகளை வைத்துத்தான் சமாளித்தார்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் 4 அடி, சுவர் முழுக்க இடைவெளி. அடியில் பச்சைச் சாணம், மேலே சருகு, அதன்மேல் குப்பை, மறுபடி சாணம், இப்படியே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். கிளற வேண்டாம். நிரம்பியதும் 90 நாள் விட்டுவிட வேண்டும், அதற்குள் அடுத்த தொட்டி நிரம்பும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் ஒரு பழைய ஜன்னல் கம்பி வைத்திருக்கிறேன். நாலாம் நாள் நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்தால் கையில் வைத்திருக்க முடியாது, அப்படிச் சுடும். 60 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் ஈ முட்டை தங்காது. கம்பி வெதுவெதுப்பாகக்கூட இல்லையென்றால் ஒன்று ஈரம் அதிகம், இல்லை சாணம் குறைவு.

மாடித்தோட்டம்:
மெஷின் பற்றி நான் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு எங்கள் குடியிருப்பில் வாங்கினோம். வெளியே வரும் பொடி காபித்தூள் மாதிரி அழகாக இருக்கும். ஆசையாக என் ரோஜாச் செடிக்கு இரண்டு கை போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் மண்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது, வாரம் முடிவதற்குள் செடி வாடிப்போச்சு. ஐந்து வருடம் வளர்த்த செடி. எங்கள் மெஷின் சூடுபடுத்திக் காயவைத்து அரைக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டதும் விட்ட இடத்திலிருந்து அழுக ஆரம்பிக்கும். மக்கவைக்க நுண்ணுயிர்களுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், அதை ஒரு நாளில் முடிக்க முடியாது.

பணம் கட்டுமுன் ஏற்கெனவே வாங்கிய இடத்துக்குப் போய் ஒரு கைப்பிடி பொடி கேளுங்கள். நனைத்து, பாட்டிலில் போட்டு மூடி, மூன்று நாள் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் உரம். குப்பை நாற்றம் வந்தால் அது இன்னும் குப்பைதான்.

கரன்ட் பில்லும் தனி. ஒரு எவர்சில்வர் ஸ்பூன் உள்ளே போய் எங்கள் மெஷின் இரண்டு மாதம் நின்றது. மெஷினில்தான் செலவு செய்ய வேண்டுமென்றால் சருகும் காய்கறித் தண்டும் நறுக்கும் சின்ன மெஷின் மட்டும் வாங்குங்கள். அது உண்மையிலேயே உதவும், துண்டு சின்னதாக இருந்தால் சீக்கிரம் மக்கும்.

வேப்பங்காற்று:
ரொம்ப நன்றி. எனக்குப் பெரிய பயமே வேறு. 48 வீடும் பிரித்துத் தருவார்களா? "வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தானே போகிறது, நாம் பிரித்து என்ன பயன்" என்று இப்போதே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

கீரைக்கட்டு:
தம்பி, அதற்கு முதல் பதில், மக்கும் குப்பை கேட்டுக்கு வெளியே போகவே போகாது என்பது. உங்கள் தொட்டிக்குத்தான் வரப்போகிறது, கண்ணெதிரே தெரியும்.

எங்கள் பிளாக்கில் நோட்டீஸ் ஒட்டியும் வாட்ஸ்அப்பில் கெஞ்சியும் பாதி வீடுதான் பிரித்தது. மாற்றியது வேறு ஒரு விஷயம். எங்களிடம் வேலை செய்கிற அக்காவுக்குக் குப்பையில் கிடந்த பிளேடு விரலைக் கிழித்து இரண்டு தையல் போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு அவர் மறுநாள் டயபரையும் சாம்பார் சாதத்தையும் பிரித்துக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நாள் குப்பையைக் கார் பார்க்கிங்கில் தார்ப்பாயில் கொட்டி நாங்களே பிரித்தோம். நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். யாரையும் பெயர் சொல்லவில்லை. அடுத்த வாரமே பத்து வீடு கூடியது.

நாப்கின், டயபரை நியூஸ்பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும், சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லி 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. பிளேடு, ஊசி, காலாவதி மாத்திரைக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வையுங்கள். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், வரும் காசை உங்கள் இடத்தில் குப்பை எடுக்கிறவருக்கே கொடுத்துவிடுங்கள். அப்புறம் தொட்டி வேலைக்கு அவருக்குத் தனிச் சம்பளம் மீட்டிங்கிலேயே எழுதி வையுங்கள் தம்பி, இருக்கிற சம்பளத்துக்குள்ளேயே செய்யச் சொல்லாதீர்கள்.

வேப்பங்காற்று:
அக்கா, சம்பள விஷயத்தை முதல் பாயின்ட்டாக வைக்கிறேன். மெஷின் பணத்தில் கால்வாசிகூட ஆகாது என்று கொத்தனார் தொட்டிக்கும் கூரைக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறார். பாட்டில் சோதனையைச் செக்ரட்டரி சாரோடு சேர்ந்தே செய்யலாம் என்று இருக்கிறேன், அவருக்கும் சம்மதம். தோட்டக்கார அண்ணன் வாரா வாரம் பின்பக்கம் எரிக்கும் வாதாம் இலையை இந்த வாரத்திலிருந்து மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். இதுவரை ஏழு மூட்டை ஆகியிருக்கிறது. 48 வீட்டுக்கு எத்தனை மூட்டை கையிருப்பு வேண்டும், சருகுமூட்டை அண்ணா?

சருகுமூட்டை:
மழைக்காலத்துக்கு முன் குறைந்தது நாற்பது. ஐப்பசியில் காய்ந்த இலை கிடைக்காது, அதனால் மூட்டையைப் படிக்கட்டுக்கு அடியில் நனையாமல் அடுக்குங்கள்.