டைனீமா ஸ்லிங்கில் உருகின மாதிரி ஒரு தடம்: பாறை உரசினதா, வேற ஏதாவதா?

மலைக்குருவி

வணக்கம். ஜிம் சுவர்ல ஒரு வருஷம் ஏறிட்டு இப்பதான் வெளிப் பாறைக்கு வந்திருக்கோம். நேத்து நாலாவது தடவை. சாயங்காலம் சாமானெல்லாம் எடுத்து வைக்கும்போது ஒரு 120 செ.மீ. ஸ்லிங்கில் (டைனீமாங்கிற பலமான செயற்கை இழையில நெய்த பட்டை வளையம், இழுத்துப் பிடிச்சா 120 நீளம்) கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தடம் பார்த்தேன். மத்த இடமெல்லாம் துணி மாதிரி மெத்துன்னு வளையுது. அங்க மட்டும் சூடு அதிகமாகி இஸ்திரிப் பெட்டி ஒட்டின சட்டை மாதிரி பளபளன்னு விரைப்பா இருக்கு. நகத்தால கீறினா வழுக்கிட்டுப் போகுது. நூல் எதுவும் பிரியலை, பிசிறும் இல்லை.

நாங்க போட்டது சாதாரண டாப் ரோப்: கயிறு உச்சி வழியா போய்த் திரும்பும், ஒரு முனையில ஏறுறவர், மறு பக்கத்தைக் கீழ ஒருத்தர் பிடிச்சுக்குவார். உச்சியில பாறைக்குள்ள அடிச்ச ரெண்டு போல்ட், ஒரே மட்டத்துல, இடைவெளி 40 செ.மீ. இருக்கும். ஸ்லிங்கை ரெண்டுலயும் மாட்டி, நடுவுல இழுத்து, எல்லா இழையையும் சேர்த்து ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழ வர்ற வளையம்தான் மாஸ்டர் பாயிண்ட், அதுல ரெண்டு லாக்கிங் காரபினர் (பூட்டுற கொக்கி), எதிரெதிரா. கயிறு அது வழியா. 20 மீட்டர் சுவர், ஆறு பேர், ஆளுக்கு மூணு தடவை ஏறி இறங்கினோம்.

இது எதனால வந்திருக்கும்? இன்னும் பயன்படுத்தலாமா? "22 கிலோநியூட்டன்னு அச்சடிச்சிருக்கான், ரெண்டு டன்னு. ஒரு நகம் அளவு போனா என்ன?"ன்னு கூட வந்த நண்பன் கேக்குறான். எனக்கு மனசு ஒப்பலை.

கல்லுளிமங்கன்

வெயில். ஸ்லிங் ரொம்ப நாள் வெயில்ல கிடந்தா விரைச்சுப் போகும். பழசா?

மலைக்குருவி

வாங்கி எட்டு மாசம்தான். வீட்டுக்குள்ள பையிலதான் கிடக்கும்.

உடும்புப்பிடி

வெயிலா இருந்தா முழு நீளமும் நிறம் வெளுத்து, தொட்டா சொரசொரன்னு இருக்கும். நகம் அளவுக்கு ஒரே இடத்துல வராது. பாறை விளிம்பு உரசியிருந்தா பளபளப்பு வராது, பஞ்சு மாதிரி பிசிறு நிக்கும், அதுக்குள்ள மணல் துகளும் மாட்டியிருக்கும். நீங்க சொல்றதைப் பார்த்தா சூடு.

முதல் வேலையா அதைத் தனியா எடுத்து வைங்க, மறந்துபோய் யாரும் எடுத்து மாட்டிடக் கூடாது. அப்புறம் இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க:

தலைப்புல டைனீமான்னு போட்டிருக்கீங்க, உறுதியா, நைலான் இல்லையே? தடம் எந்த முனையிலிருந்து எவ்வளவு தூரத்துல? ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா? ஓரத்துல கலர் நூல் ஓடுமே, அது எப்படி இருக்கு? முக்கியமா, யாராவது கயிற்றைக் காரபினர்ல போடாம நேரா ஸ்லிங்குக்குள்ள விட்டு இறங்கினீங்களா? யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கலை.

மலைக்குருவி

ஸ்லிங்குக்குள்ள விட்டு யாரும் இறங்கலை, அது உறுதி. உச்சியில நான் ஒருத்தன்தான் கை வச்சேன்.

11 மி.மீ. டைனீமா. நடுவுல வெள்ளை, ரெண்டு ஓரமும் சிவப்பு. தடம் ஒரு பக்கம் மட்டும்தான், வெள்ளைப் பகுதியில. சிவப்பு ஓரம் லேசா அழுக்காகியிருக்கு, மத்தபடி புதுசு மாதிரிதான் இருக்கு.

டேப் வச்சு அளந்தேன். நல்லவேளை, முனைகள்ல இருந்த காரபினரைக் கழட்டாம அப்படியே பைக்குள்ள போட்டிருந்தேன், அதனால எந்த முனை எதுன்னு குழப்பம் இல்லை. மாஸ்டர் பாயிண்ட் பக்கத்து முனையிலிருந்து 30 செ.மீ.

முடிச்சவிக்கி

ஒரு நிமிஷம். நீங்க சொன்ன ஆங்கர்ல (உச்சியில கட்டின அந்தப் பிடிமானத்துல) 120 ஸ்லிங்கை நாலு இழையா மடிச்சு முடிச்சுப் போட்டா ஒரு கால், அதாவது போல்ட்டிலிருந்து முடிச்சு வரைக்கும், 50 செ.மீ.தான் வரும். அந்த ஸ்லிங்கோட ரெண்டு முனையும் போல்ட்லயே இல்ல இருக்கணும்? "மாஸ்டர் பாயிண்ட் பக்கத்து முனை"ன்னு ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு?

மலைக்குருவி

ஐயோ, சொல்ல விட்டுட்டேன். தடம் இருக்கிறது அந்த ஸ்லிங் இல்லை. ஆங்கர் ஒரே ஸ்லிங்குல நிக்குதேன்னு பயமா இருந்துச்சு. அதனால பேக்கப்புக்கு இன்னொரு 120 ஸ்லிங்கை வலது போல்ட்டிலிருந்து மாஸ்டர் பாயிண்டுக்குத் தனியா மாட்டியிருந்தேன், லூஸா. அதுல எடையே விழலை. அதனாலதான் அது எப்படிக் கெட்டுச்சுன்னு புரியலை.

முடிச்சவிக்கி

அப்ப கேஸ் முடிஞ்சுது. வீட்டுல கதவுப் பிடி ஒண்ணுல அந்த ஆங்கரை அப்படியே கட்டிப் பாருங்க. நான் மனக்கணக்கு போடுறேன். மாஸ்டர் பாயிண்ட் போல்ட்டுக்கு 46 செ.மீ. கீழ. பேக்கப் நீளம் 120. மீதி எங்க போகும்? வளையமாத் தொங்கும். அந்த வளையத்தோட அடி, காரபினருக்கு 35 செ.மீ. கீழ வரைக்கும் போகும். அங்கதான் உங்க கயிறு ஓடுது.

உடும்புப்பிடி

சரியாப் பிடிச்சீங்க. மலைக்குருவி, அந்த உயரத்துல, அதாவது காரபினருக்கு ஒரு சாண் ஒன்றரைச் சாண் கீழ, பாறை கொஞ்சம் வயிறு தள்ளி இருந்துச்சா?

மலைக்குருவி

ஆமா! சின்ன மேடு. கயிறு அதைத் தொட்டுக்கிட்டேதான் போச்சு. கயிறு தேயுமோன்னு கவலைப்பட்டேன், ஆனா மேடு வழவழன்னு இருந்ததால விட்டுட்டேன்.

உடும்புப்பிடி

அப்ப நடந்தது இதுதான். தொங்கின வளையம் பாறைக்கும் கயிற்றுக்கும் நடுவுல போய் மாட்டிக்கிச்சு. மேல கயிறு ஓடுது, அடியில ஸ்லிங் அசையாம கிடக்குது. கயிற்றுல உண்டாகிற சூடு அதோட நீளம் முழுக்கப் பரவிடும், ஏன்னா ஒவ்வொரு அங்குலமும் ஒரு நொடி தொட்டுட்டுப் போயிடுது. ஸ்லிங்குல தொடற இடம் எப்பவும் அதே நகம் அளவு. உங்க கணக்குப்படி 18 தடவை இறக்கம், தடவைக்கு 20 மீட்டர். ஆள் எடையோட 360 மீட்டர் கயிறு அந்த ஒரே புள்ளி மேல ஓடியிருக்கு.

டைனீமா உருகுறது சுமார் 145 டிகிரி செல்சியஸ்ல. நைலானுக்கு 220க்கு மேல போகணும். டைனீமாவுல சாயம் சரியா ஏறாது, அதனாலதான் கலருக்கு ஓரத்துல நைலான் நூலைச் சேர்த்து நெய்வாங்க. உங்க ஸ்லிங்குல வெள்ளை பளபளத்துப் போய், சிவப்பு தப்பிச்சிருக்கு. பாறை விளிம்புக்கு வெள்ளை, சிவப்புன்னு பேதம் தெரியாது. சூட்டுக்குத் தெரியும்.

கடைசியில வேகமா இறக்கினீங்களா?

மலைக்குருவி

இருட்டுதுன்னு கடைசி மூணு பேரைக் கடகடன்னு இறக்கினோம். நண்பன் "லிஃப்ட் மாதிரி இருக்கு"ன்னு கத்தினான் கூட.

கல்லுளிமங்கன்

சரி, வெயில் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா அந்த நண்பர் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. டாப் ரோப்ல ரெண்டு டன் எங்கிருந்து வரும்? பாதி பலம் போனாலும் மிச்சம் ஒரு டன்.

முடிச்சவிக்கி

நியாயமான கேள்வி. வேலை பார்க்கிற எடை உண்மையிலேயே கம்மிதான். 75 கிலோ ஆள் தொங்கினா அவர் பக்கம் 0.75 கிலோநியூட்டன். பிலே பண்றவர் (கீழ கயிறு பிடிக்கிறவர்) பக்கமும் கயிறு கீழ இழுக்குது, காரபினர் உராய்வு போக அது ஒரு 0.5. ஆக ஆங்கர்ல 1.25. நிறைய பேர் இந்த ரெண்டாவது பாதியை மறந்துடறாங்க. ரெண்டு காலுக்கு நடுவுல உங்க கோணம் 47 டிகிரி கிட்ட, அதனால ஒரு போல்ட்டுக்கு மொத்தத்துல 55 சதவீதம் போகும். 120 டிகிரிக்கு விரிச்சிருந்தா ஒவ்வொரு போல்ட்டும் முழு எடையையும் தாங்கணும். உங்க ஆங்கர்ல அந்தக் கவலை இல்லை.

ஆனா 22ங்கிறது புது ஸ்லிங்கை வழவழப்பான உருளைகள்ல மாட்டி, முடிச்சு இல்லாம நேரா இழுத்து எடுத்த கணக்கு. டைனீமாவுல ஒரு முடிச்சு விழுந்தாலே கிட்டத்தட்ட பாதி போயிடும். உருகின இடத்துல எத்தனை இழை மிச்சம்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. பாதிதான் போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா? அதுதான் சிக்கல்.

இன்னொண்ணு, பேக்கப் லூஸா இருந்ததே தப்பு. மெயின் போயிருந்தா மாஸ்டர் பாயிண்ட் 70 செ.மீ. கிட்ட கீழ விழுந்து, பாதி உருகின ஸ்லிங்குல வந்து நின்னிருக்கும். டாப் ரோப்ல கயிறு நீண்டு கொடுத்துக் காப்பாத்தும். ஆனா அதே டைனீமாவுல ஹார்னஸை (இடுப்புல கட்டுற பட்டையை) நேரா மாட்டிக்கிட்டு, லூஸ் விட்டு, போல்ட் மட்டத்துல நின்னு வழுக்கினா நிலைமை வேற. அது கயிறு மாதிரி இழுபடாது. ஆள் எடையில ஸ்லிங் நீளம் விழுந்தாலே, முடிச்சு போட்ட ஸ்லிங் அறுந்த சோதனைகள் இருக்கு.

உடும்புப்பிடி

"இன்னும் ஒரு தடவை தாங்கும்"னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். டாட் ஸ்கின்னர் உலகத்துல எத்தனையோ பெரிய சுவர் ஏறினவர். 2006 அக்டோபர்ல அமெரிக்காவுல யோசெமிட்டியில லீனிங் டவர்ங்கிற சுவர்ல இறங்கும்போது ஹார்னஸோட முன்பக்க வளையம், பிலே லூப், அறுந்து இறந்தார். லூப் தேஞ்சிருக்குன்னு கூட இருந்தவர் முன்னாடியே காட்டியிருந்தார். புது ஹார்னஸுக்கு ஆர்டரும் போட்டாச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள பழசுலயே ஏறிட்டார். தேஞ்சது ஒரே இடத்துலதான்.

அதனால மலைக்குருவி, அந்த ஸ்லிங்கை வெட்டிப் போடுங்க. முழுசா குப்பையில போட்டா யாராவது எடுத்து ஊஞ்சல் கட்டுவாங்க.

மலைக்குருவி

வெட்டிடறேன். ஆனா பேக்கப் இல்லாம ஒரே ஸ்லிங்குல விட எனக்கு இன்னும் தைரியம் வரலை. மிச்ச நீளத்தைச் சுருட்டி, தொங்காம ரப்பர் பேண்ட் போட்டு வச்சா?

உடும்புப்பிடி

வேண்டவே வேண்டாம். ஸ்லிங்குல ரப்பர் மாட்டினா, காரபினர் ஸ்லிங்கைப் பிடிச்சிருக்கா ரப்பரை மட்டும் பிடிச்சிருக்கான்னு பார்வைக்குத் தெரியாது. 2013ல பிரான்ஸில் 12 வயசு இத்தாலியப் பையன் ஒருத்தன் அப்படித்தான் போனான். குவிக்டிராக்களை (ரெண்டு முனையிலயும் காரபினர் இருக்கிற குட்டி ஸ்லிங்) தப்பா கோத்திருந்தாங்க, காரபினர்கள் ரப்பர் பிடிப்பானை மட்டும்தான் பிடிச்சிருந்துச்சு.

உங்க மெயின் ஆங்கர்லயே பேக்கப் இருக்கு, அதை நீங்க கவனிக்கலை. எல்லா இழையையும் சேர்த்து முடிச்சுப் போட்டீங்களே, அந்த முடிச்சால ரெண்டு காலும் தனித்தனி ஆயிடுச்சு. ஒரு கால் அறுந்தாலும், ஒரு போல்ட் பிடுங்கிட்டு வந்தாலும் மத்தது நிக்கும். அதுவும் போதலைன்னா ரெண்டாவது ஸ்லிங்கை முதல் ஸ்லிங் மேலயே வச்சு, ரெண்டையும் ஒண்ணா மடிச்சு, ஒரே முடிச்சாப் போடுங்க. ரெண்டும் விறைப்பா இருக்கும், தொங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

முடிச்சவிக்கி

நான்னா க்வாட் (நடுவுல நாலு இழை ஓடுற ஆங்கர்) போடச் சொல்லுவேன். ஆள் இடமும் வலமும் போற வழித்தடத்துல உங்க முடிச்சு ஒரு பக்கம் இழுத்தா, ஒரு போல்ட்டே முழு எடையையும் வாங்கும். க்வாட்ல காரபினர் நகர்ந்து தானா சமப்படுத்திக்கும், ரெண்டு பக்கமும் தடுப்பு முடிச்சு இருக்கிறதால ஒரு பக்கம் போனாலும் ரொம்ப இறங்காது. 7 மி.மீ. நைலான் கார்டுல ஒரு தடவை கட்டி வச்சுட்டா அப்படியே எடுத்து மாட்டலாம்.

உடும்புப்பிடி

க்வாட் நல்லதுதான், ஆனா நாலாவது தடவை வெளிய வந்தவருக்கு இப்பதான் ஒரு முடிச்சு கைக்கு வந்திருக்கு. நேரான வழித்தடத்துக்கு அதுவே போதும். இதுல நமக்குள்ள எப்பவும் சண்டைதான், விடுங்க.

கயிற்றைப் பார்த்தீங்களா? யாரும் கேட்கலை பாருங்க. முழு நீளத்தையும் கைக்குள்ள விட்டு உருவுங்க. தட்டையா, விரைப்பா, உள்ள குழியா எங்கயாவது தட்டுப்பட்டா அந்த இடத்தை வளையமா மடக்கிப் பாருங்க. நல்ல கயிறு உருண்டையா வளையும், உள்கூடு கெட்டிருந்தா சட்டுன்னு மடியும்.

மலைக்குருவி

(ஒரு வாரம் கழிச்சு)

கயிறு தப்பிச்சுது. 60 மீட்டரும் உருவிப் பார்த்துட்டேன், ரெண்டு இடத்துல உறை லேசா மினுங்குது, மடக்கினா ஒழுங்கா வளையுது.

ஸ்லிங்கை வெட்டினேன். தடம் இருந்த துண்டை மட்டும் வச்சிருக்கேன். அதை ரெண்டா மடக்கினா பிளாஸ்டிக் மூடி மாதிரி "மொறுக்"னு ஒரு சத்தம், மடிப்புல வெள்ளைக் கோடு விழுந்து, நாலஞ்சு இழை தானா விட்டு நிக்குது. பக்கத்துல அரை அங்குலம் தள்ளி மடக்கினா ஒண்ணும் இல்லை. "ரெண்டு டன்"னு சொன்ன நண்பன் கையில கொடுத்தேன். அவனும் மடக்கிப் பார்த்தான், சத்தம் வந்துச்சு, திருப்பிக் கொடுத்துட்டான்.

நேத்து அதே சுவர். ரெண்டு ஸ்லிங்கையும் ஒண்ணா மடிச்சு ஒரே முடிச்சு. கூடவே மாஸ்டர் பாயிண்டை அந்த மேட்டுக்குக் கீழ வர்ற மாதிரி இறக்கிட்டேன். அதுக்கு 240 ஸ்லிங்குகளா வாங்க வேண்டியதாப் போச்சு. கயிறு பாறையைத் தொடவே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். இந்த தடவை கவனிச்சேன், இடது போல்ட்டோட ஹேங்கர் (காரபினர் மாட்டுற தகடு) கையால சுத்தினா சுத்துது. நட் லூஸா, இல்ல உள்ள போல்ட்டே ஆடுதா?

முடிச்சவிக்கி

ஹேங்கர் மட்டும் சுத்துதுன்னா பெரும்பாலும் நட்தான். ஸ்பேனர் வச்சு இறுக்கலாம், ஆனா பலத்தைக் காட்டாதீங்க, அளவுக்கு மீறி முறுக்கினா போல்ட் உள்ளுக்குள்ளயே கெட்டுடும். நட்டோட சேர்ந்து போல்ட் தண்டும் சுத்தினாலோ, வெளிய வந்தாலோ, சுத்தி துருக்கறை வழிஞ்சிருந்தாலோ அதுல மாட்டாதீங்க. அந்தப் பாறையில போல்ட் அடிச்சுப் பராமரிக்கிறவங்க யாருன்னு விசாரிச்சு அவங்ககிட்ட சொல்லுங்க. எது இடது, எது வலதுன்னு கீழ நின்னு பார்த்தா, மேல நின்னு பார்த்தா ரெண்டுவிதமா வரும். தெளிவா எழுதி, போட்டோவும் அனுப்புங்க.

மலைக்குருவி

தண்டு அசையலை, நட்தான். கீழ நின்னு பார்த்தா இடதுன்னு எழுதி அனுப்பிட்டேன்.